ஓட்டல் சாப்பாட்டுக்கும் ஒரு கணக்கு நோட்டு

(அறக்கட்டளையின் மாதாந்திர மருத்துவ ஆலோசனைக் கூட்டத்தில் மஃரிப் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாத குடும்பத்தினருக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)





முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரியாணி சாப்பிடாதீர்கள் என்று சொல்வதற்காக நான் இந்த மைக்கைப் பிடிக்கவில்லை. அப்படிச் சொன்னால் நீங்கள் கேட்கப் போவதும் இல்லை. அடுத்த வலீமாவில் எல்லோரும் என் தட்டைத்தான் எட்டிப் பார்ப்பீர்கள். நான் பேச வந்திருப்பது, வெளியே சாப்பிடும் சாப்பாட்டுக்குக் கணக்கு வைத்துக்கொள்வது பற்றி. வீட்டில் எவ்வளவு அரிசி, எவ்வளவு எண்ணெய் என்று நம் பெண்களுக்குத் தெரியும். மாதம் முடியுமுன் எண்ணெய் டின் காலியானால் அவர்களே கேட்டுவிடுவார்கள். ஓட்டலில் சாப்பிடுவதைக் கேட்க ஆளில்லை. பில்லில் ரூபாய்க் கணக்கு மட்டும்தான் இருக்கும்.

இதை ஏன் அறக்கட்டளை பேச வேண்டும் என்று கேட்கலாம். அலுவலகத்துக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களை முதலில் படிப்பவன் நான். முன்பெல்லாம் பிரசவம், விபத்து, கண் ஆபரேஷன் என்று வரும். இப்போது சர்க்கரையால் ஆறாத கால் புண் என்றும், சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் என்றும் வருகிறது. டயாலிசிஸுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஆட்டோ வாடகைக்கும், கூடப் போகிறவர் வேலைக்குப் போகாமல் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் நாட்களுக்கும் எந்தக் காப்பீடு இருக்கிறது? குடும்பம் உடைவது அந்த இடத்தில்தான். மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை போவதும் அங்கேதான். மனுவோடு வருகிறவர்களில் பலர் என்னைவிட வயதில் இளையவர்கள் என்பது எனக்கு இரவில் தூக்கம் கெடுக்கிற விஷயம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சாப்பாடு ஒன்றே காரணம் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். பரம்பரை உண்டு, உட்கார்ந்தே பார்க்கும் வேலை உண்டு. இருந்தாலும் நாளை காலையிலேயே நாம் கை வைக்கக்கூடியவற்றில் தட்டும் ஒன்று.

எங்கள் சின்ன வயதில் ஓட்டல் என்றால் காய்ச்சல்காரருக்கு இட்லி வாங்கும் இடம். இல்லையென்றால் வெளியூர்ப் பயணத்தில் ஒரு வேளை. இன்று ஜும்ஆ முடிந்ததும் பார்சல் கடையில் வரிசை நிற்கிறது. ஞாயிறு இரவு மந்தி, ஷவர்மா. இடையிலே நிக்காஹ், வலீமா, கத்னா, புதுமனை விருந்து. பிள்ளைகள் போனிலேயே ஆர்டர் போட்டு வாசலுக்கு வரவழைத்துவிடுகிறார்கள். வாரத்தில் நாலைந்து வேளை வெளிச் சாப்பாடு என்பது பல வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. அந்த நாலைந்து வேளையும் கணக்கில்லாமல் போனால், மீதி நாட்களில் அரை இட்லியைக் குறைத்து என்ன பயன்?

சட்டம் இதில் கொஞ்ச தூரம் வந்திருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதாவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., 2020இல் ஒரு விதிமுறை கொண்டுவந்தது. மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்களும் மெனு கார்டிலோ பலகையிலோ ஒவ்வோர் உணவுக்கு நேராகவும் எத்தனை கிலோ கலோரி, பரிமாறும் அளவு எவ்வளவு என்று போட வேண்டும். சுறுசுறுப்பாக இயங்கும் சராசரிப் பெரியவருக்கு ஒரு நாளைக்கு 2,000 கிலோ கலோரி தேவை, ஆளுக்கு ஆள் இது மாறும் என்ற வாசகமும் இருக்க வேண்டும். 2022இல் இது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 20 கிளைகளோ அதற்கு மேலோ உள்ள உணவகங்களுக்கு 2018 மே மாதம் முதல் இதே மாதிரி கட்டாயம் இருக்கிறது. கலோரி, கிலோ கலோரி என்று இரண்டு பெயர் கேட்டுக் குழம்ப வேண்டாம். பேச்சில் நாம் கலோரி என்பதும் பலகையில் கிலோ கலோரி என்று போடுவதும் ஒன்றுதான். நானும் இனி கலோரி என்றே சொல்கிறேன்.

அடுத்த முறை பிள்ளைகள் மாலுக்கு இழுத்துப் போனால் அந்தப் பலகையைப் பாருங்கள். விலை பெரிதாகவும் கலோரி பொடியாகவும் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். எண்ணைப் பார்த்ததும் நிறுத்திவிடாதீர்கள், அது எவ்வளவுக்கு என்று பாருங்கள். ஒரு துண்டு பீட்சாவுக்கா, முழு பீட்சாவுக்கா? பக்கெட் கோழி என்றால் ஒரு துண்டுக்கா, பக்கெட்டுக்கா? "இருநூற்றுச் சொச்சம்தானே வாப்பா" என்று மகன் சொன்னது ஒரு துண்டுக்கு. அவன் சாப்பிட்டது நாலு துண்டு. மேசையில் இலவசமாக வைத்திருக்கும் சாஸ், டிப் வகையறாவுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. அது பலகையில் வராது, வயிற்றில் வரும்.

சரி, நம் பஜாரில் எந்தக் கடைக்குப் பத்துக் கிளை இருக்கிறது? ரயிலடி பரோட்டாக் கடைக்கா, பள்ளிவாசல் பக்கத்து பிரியாணிக் கடைக்கா? இந்தச் சட்டம் அங்கெல்லாம் வராது. விருந்துக்குச் சமைத்துக் கொடுப்பவருக்கும் விலக்கு இருக்கிறது. நாம் அதிகம் சாப்பிடும் இரண்டு இடங்களிலும், ஊர் ஓட்டலிலும் கல்யாண மண்டபத்திலும், பலகை கிடையாது. அந்தக் கணக்கை நாமே போட வேண்டியிருக்கிறது.

போட முடியுமா? தட்டைப் பார்த்துப் போடுவது கஷ்டம். ஒரு கை சோறு எத்தனை கிராம் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அடுப்படியிலிருந்து தொடங்கினால் சுலபம். அடுப்பில் ஏறிய அரிசியும் எண்ணெயும் எங்கேயும் மறையாது. அதைச் சாப்பிட்ட தலைகளால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு என்று வந்துவிடும். பாகப்பிரிவினைக் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

இதற்கு மூன்று எண்களை மனதில் வைத்தால் போதும். மாவுச்சத்தும் சர்க்கரையும் ஒரு கிராமுக்கு 4 கலோரி. புரதம் ஒரு கிராமுக்கு 4. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9. அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த வேலையிலிருந்து வந்த எண்கள் இவை. இன்றைக்கும் உலகம் முழுவதும் உணவுப் பொட்டலங்களில் இந்தக் கணக்கில்தான் போடுகிறார்கள். 9 என்ற அந்த எண்ணை மட்டும் மறக்க வேண்டாம். கடலை எண்ணெய், சூரியகாந்தி, தேங்காய் எண்ணெய், நெய், டால்டா எல்லாமே கிராமுக்கு ஏறக்குறைய அதே 9தான். நல்லது கெட்டது என்பது வேறு பேச்சு. "நெய்தானே, ஒன்றும் செய்யாது" என்பவர்கள் கலோரிக் கணக்கில் அதைச் சொல்ல முடியாது.

நம் மண்டபத்துக்கு வழக்கமாகச் சமைக்க வரும் பண்டாரியிடம் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்ன கணக்கு இது: ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ ஆட்டுக்கறி, கால் லிட்டர் எண்ணெய், பிறகு தயிர், வெங்காயம், தக்காளி, மசாலா. "கிலோவுக்கு எட்டுப் பேர் என்றுதான் காக்கா தேக்சா ஏற்றுவேன். வீட்டுக்காரர் கை தாராளமாக இருந்தால் ஆறு பேர்" என்றார். போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ அரிசி சுமார் 3,500 கலோரி. கால் லிட்டர் எண்ணெய் 230 கிராம் அளவுக்கு இருக்கும். அது 2,000க்குக் கொஞ்சம் மேல். கறி, எலும்பு கழித்து, கொழுப்பைப் பொறுத்து 1,200 என்று வைத்துக்கொள்வோம். தயிரும் வெங்காயமும் மற்றதும் 300. மொத்தம் சுமார் 7,000. எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு 880 அளவில் வருகிறது. ஆறு பேர் என்றால் 1,170. இது பிரியாணி மட்டும். தால்சா, எண்ணெய்க் கத்திரிக்காய், பொரித்த கோழி, பிரெட் அல்வா, கலர் சோடா எல்லாம் வெளியே நிற்கின்றன.

அந்த 880இல் எண்ணெயின் பங்கைப் பாருங்கள். எட்டால் வகுத்தால் ஆளுக்கு 29 கிராம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். மதியம் ஒரு தட்டில் அன்றைய எண்ணெய் முடிந்துவிட்டது. அன்று இரவு வீட்டில் ஆவியில் வெந்த இடியாப்பமோ இட்லியோ இருந்தால் நாள் சமன்படும். அன்று இரவே பரோட்டா என்றால்?

பரோட்டாவுக்கு வருகிறேன். இதுதான் நான் கணக்குப் போட்டதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒரு கிலோ மைதாவில் பதினைந்து பரோட்டா போடுவதாகக் கடைக்காரர் சொன்னார். ஒன்றுக்கு 65 கிராம் மைதா, அது சுமார் 230 கலோரி. பிசையும்போது, வீசும்போது, கல்லில் போடும்போது என்று எண்ணெய் 10 கிராம் ஏறினால் 90. ஆக ஒரு பரோட்டா 320. மூன்று பரோட்டா 960. சால்னாவின் மேலே மிதக்கும் எண்ணெயை இதில் சேர்க்கவே இல்லை. பொரித்த பரோட்டா என்றால் இன்னும் குடிக்கும். மதியம் பிரியாணி சாப்பிட்டது கனமாக இருக்கிறது என்று இரவில் "லேசாக மூன்று பரோட்டா" சாப்பிடுகிறவர், மதியம் சாப்பிட்டதைவிட அதிகமாகவே சாப்பிடுகிறார். கறியும் இல்லாமல், பெரும்பாலும் மாவும் எண்ணெயுமாக.

போன் செயலிகளைப் பற்றி இளைஞர்கள் கேட்பார்கள். நல்லதுதான். ஆனால் "சிக்கன் பிரியாணி, ஒரு பிளேட்" என்று அடித்துப் பாருங்கள், ஒரே செயலியில் நாலைந்து விதமான எண் வரும். எந்த ஊர்ப் பிரியாணி, எவ்வளவு எண்ணெய், எந்த பிளேட் என்று அதற்கு எப்படித் தெரியும்? செயலியைப் பயன்படுத்துகிறவர்கள் பிரியாணி என்று தேடாமல் அரிசி 125 கிராம், எண்ணெய் 29 கிராம், கறி இவ்வளவு என்று பிரித்துப் போடுங்கள். ஒருமுறை போட்டுச் சேமித்துவிட்டால் அடுத்த வலீமாவுக்கும் உதவும். எண் பத்து சதவீதம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. ஒன்றுமே தெரியாமல் இருப்பதைவிட அது மேல்.

சஹனில் உட்கார்ந்தால் எப்படிக் கணக்கு வைப்பது என்று போன கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு சஹனுக்கு எவ்வளவு அரிசி என்று பண்டாரிக்குத் தெரியும். அதை உட்காரும் ஆட்களால் வகுப்பதுதான். நடைமுறையில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பரிமாறுகிற தம்பி மறுசோறு கொண்டுவந்து நடுவில் கொட்டிவிட்டுப் போய்விடுவான். யார் கேட்டது என்று யாருக்கும் தெரியாது. மிச்சம் வைக்கவும் கூடாது. உட்காரும்போதே "எங்களுக்கு மறுசோறு வேண்டாம், கறி இருந்தால் கொண்டு வா" என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால் கூட இருக்கும் சர்க்கரைக்காரருக்கு அது பெரிய உதவி. அவராகச் சொல்ல வெட்கப்படுவார்.

நம் மஹல்லாச் சகோதரர் ஒருவர், பெயர் மட்டும் வேண்டாம் என்று இதைச் சொல்ல அனுமதி தந்திருக்கிறார். ஜவுளி ஆர்டர் எடுக்க ஊர் ஊராகப் போகிறவர். மாதத்தில் இருபது நாள் மதியமும் இரவும் ஓட்டல்தான். பத்து வருடமாகச் சர்க்கரை. டாக்டர் ஒவ்வொரு முறையும் "வீட்டுச் சாப்பாடு சாப்பிடுங்கள்" என்பார். இவர் தலையாட்டிவிட்டு பஸ் ஏறுவார். போன வருடம் வேறொரு டாக்டரிடம் காட்டினார். அவர், "எதையும் மாற்ற வேண்டாம். ஒரு மாதம் சாப்பிடுவதை எழுதி மட்டும் கொண்டு வாருங்கள்" என்றார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிச் சட்டைப்பைக்கு ஏற்றபடி மடித்து வைத்துக்கொண்டார். மணி, என்ன சாப்பிட்டேன், எத்தனை, கூட என்ன. அவ்வளவுதான் எழுதினார். சாப்பிட்ட கையோடு எழுத வேண்டும், இரவில் நினைவுபடுத்தி எழுதினால் பாதி விட்டுப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கலோரியை அவர் எழுதவில்லை. கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் பக்கத்தில் பென்சிலால் போட்டுக்கொடுத்தாள். அவருடைய நினைப்பு முழுக்க வெள்ளிக்கிழமைப் பிரியாணிதான் தன்னைக் கெடுக்கிறது என்பது. நோட்டில் பிரியாணி மாதத்துக்கு நாலு வரி. இரவுப் பரோட்டா இருபது வரிக்குக் கிட்ட. டீயோ, பக்கத்துக்குப் பக்கம்.

கடை டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 10 கிராம், 40 கலோரி. பாலைச் சேர்த்தால் ஒரு டீ 90 அளவில் வரும். கடைக்குக் கடை ஆர்டர் எடுக்கிறவருக்கு ஒவ்வொரு முதலாளியும் டீ சொல்வார். வேண்டாம் என்றால் ஆர்டர் போய்விடும் என்ற பயம். ஐந்து டீ என்றால் 450 கலோரி. அதில் சர்க்கரை மட்டும் 50 கிராம். சர்க்கரை நோய் இல்லாதவருக்கே நாளைக்கு 20 முதல் 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது அந்த வழிகாட்டி. பெட்டிக்கடையில் குடிக்கும் 300 மில்லி கோலா பாட்டில் ஒன்றிலேயே 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். பாட்டிலின் பின்னால் போட்டிருப்பார்கள், பாருங்கள்.

அவர் என்ன மாற்றினார்? டீயைக் குறைக்கவில்லை, சர்க்கரை இல்லாமல் கேட்டார். முதல் வாரம் கஷாயம் மாதிரி இருந்ததாம். இரவில் மூன்று பரோட்டாவுக்குப் பதில் ஒரு பரோட்டா, இரண்டு முட்டை ஆம்லேட், கேட்டால் கடைக்காரர் தரும் வெங்காயம், வெள்ளரி. சால்னாவை மேலே ஊற்றாமல் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொண்டார். அது 520 அளவில் வருகிறது. முன்பு 960க்கு மேல். இட்லி இருக்கும் கடையென்றால் மூன்று இட்லி, ஒரு ஆம்லேட். பிரியாணியை அவர் விடவில்லை. சர்க்கரை மாயமாகி மறைந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மாத்திரையின் அளவு ஒவ்வொரு வருடமும் ஏறிக்கொண்டிருந்தது, இந்த வருடம் ஏறவில்லை. அதுவே தனக்குப் போதும் என்கிறார் அவர்.

சர்க்கரைக்காரர்கள் கலோரியோடு மாவுச்சத்தையும் பார்க்க வேண்டும். இரத்தத்தில் சர்க்கரையை உடனே ஏற்றுவது அதுதான். மேலே சொன்ன பிரியாணித் தட்டில் 125 கிராம் அரிசி இருக்கிறது. ஏறக்குறைய ஏழெட்டு இட்லிக்கான தானியம் அது. பரோட்டா ஒன்றில் சுமார் 50 கிராம் மாவுச்சத்து. கறி, மீன், முட்டையில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். அதனால் விருந்தில் சோற்றைப் பாதியாக்கிக் கறித்துண்டை முழுதாகச் சாப்பிடுவது அவர்களுக்கு நல்ல வழி. தோலோடு சுட்ட கோழியும் மோசமில்லை. கூட வரும் குப்பூஸையும் வெள்ளை மயோனைஸையும்தான் எண்ண வேண்டும். மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டி 90 முதல் 100 கலோரி. அநேகமாக அது எண்ணெய்தான். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை போட்டது கிருமிக்காக, கலோரிக்காக அல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கறியின் அளவும் வேறு, அவர்கள் தங்கள் டாக்டர் சொன்னதையே கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகள் எடுக்கிறவர்களும் இதைக் கேட்டுவிட்டு நாளையிலிருந்து சோற்றைத் தடாலடியாகப் பாதியாக்கிவிடாதீர்கள். வழக்கமான மருந்தை எடுத்துக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். விருந்துக்குப் போகும் நாளில் இது இன்னும் அதிகம். பகல் ஒரு மணிக்கு ஊசி போட்டுவிட்டு, பந்தி மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். நோட்டை டாக்டரிடம் காட்டி, மருந்தையும் சாப்பாட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். சட்டைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு இந்த நோட்டு வேண்டாம். வளர்கிற வயதில், குறிப்பாகப் பெண்பிள்ளைகளிடம், ஒவ்வொரு கவளத்துக்கும் எண் சொல்லிக்கொண்டிருந்தால் அது வேறு நோயில் கொண்டுபோய் விடும். கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். இன்னொன்று, ஆண்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுப் பெண்களுக்கு அடுப்படியிலிருந்து விடுமுறை கிடைப்பது மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போகும்போதுதான். அந்த மேசையில் நோட்டை விரித்து, "நீ எத்தனை கலோரி தெரியுமா" என்று ஆரம்பிக்காதீர்கள். உங்கள் நோட்டு உங்களுக்கு. உங்கள் மனைவி பிர்னி கேட்டால் வாங்கிக் கொடுங்கள்.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். மண்டபத்தில் விருந்து நடக்கும் நாளில் சாப்பாட்டுக் கணக்கைப் பலகையில் எழுதி வைக்கலாம் என்று நிர்வாகக் குழுவில் நான் சொன்னபோது எதிர்ப்பு வந்தது. "விருந்தில் அளந்து எழுதினால் பரக்கத் போய்விடும். விருந்தாளியின் வாயை எண்ணுவதா?" என்று மூத்தவர் ஒருவர் மனம் வருந்திக் கேட்டார். அவர் சும்மா சொல்லவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் இருந்த வாற்கோதுமை, அளந்து பார்த்த பிறகு தீர்ந்துபோன செய்தி புகாரியில் இருக்கிறது. அவர் மனதில் இருந்தது அது. அதே புகாரியில் உணவை அளந்துகொள்ளச் சொல்லி, அதில் பரக்கத் உண்டாகும் என்ற செய்தியும் இருக்கிறது. அதை அறிவித்தவர் மிக்தாம் இப்னு மஅதீகரிப் (ரலி). வயிற்றை மூன்றாகப் பகுத்து ஒரு பங்கு மட்டும் உணவுக்கு என்ற, நமக்கெல்லாம் மனப்பாடமான நபிமொழியை அறிவித்தவரும் அவரேதான், அது திர்மிதியில் வருகிறது. இரண்டையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது என்று நம் இமாம் அவர்கள் அந்த மூத்தவரோடு உட்கார்ந்து விளக்கினார்கள். கொடுக்கல் வாங்கலிலும் சமைக்க எடுக்கும்போதும் அளப்பது ஒன்று. இருப்பு இன்னும் எவ்வளவு என்று ஐயத்தோடு தோண்டிப் பார்ப்பது வேறு என்று அறிஞர்கள் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். பண்டாரி அளக்காமலா தேக்சா ஏற்றுகிறார்? அவர் அளந்ததை நாம் படிக்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொருவர் கேட்டதுதான் எனக்கு யோசனையாக இருந்தது. "இத்தனை கிலோ கறி, இத்தனை லிட்டர் நெய் என்று பலகையில் போட்டால், அடுத்த கல்யாண வீட்டுக்காரர் அதைவிட அதிகம் போடுவாரே!" நம் ஜனங்களைத் தெரிந்தவர் அவர். அதனால் மொத்த அளவு போடப் போவதில்லை. வீட்டுக்காரர் பெயரும் இருக்காது. ஒரு தட்டுக்கு அரிசி இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு, கலோரி சுமார் இவ்வளவு என்று மூன்று வரி மட்டும், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் எழுதப்படும். விருப்பம் இல்லாத வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், யாரும் வற்புறுத்தப் போவதில்லை. முதலில் நம் அறக்கட்டளை நடத்தும் கூட்டுத் திருமணத்தில் தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ். அன்று சர்க்கரைக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் சோறு குறைத்து, கறியும் வெள்ளரிப் பச்சடியும் கூட்டிய பந்தி ஒன்று முதலிலேயே உட்காரவைக்கப்படும். ஊசி போட்டவர்கள் மூன்று மணிவரை காத்திருக்க வேண்டாம்.

பஜார் ஓட்டல்காரர்கள் சிலரிடமும் பேசியிருக்கிறேன். ஒரு பரோட்டாவுக்கு எத்தனை கிராம் மாவு, ஒரு பிளேட் பிரியாணிக்கு எவ்வளவு அரிசி என்று கேட்டால் சொல்ல மூன்று கடைக்காரர்கள் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே, "அளவைச் சொல்கிறேன், மசாலாவைச் சொல்ல மாட்டேன்" என்றார். நமக்கு அளவு போதும். அரை பிளேட் பிரியாணி தனியாகத் தரவும் அவர்களில் ஒருவர் ஒத்துக்கொண்டார். கேட்கிறவர்கள் வந்தால்தான் அது தொடரும் என்றும் சொன்னார்.

நாற்பது பக்க நோட்டுகள் நம் அலுவலகத்தில் வந்து இறங்கியிருக்கின்றன. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வந்து வாங்கிக்கொள்ளலாம், விலை இல்லை. முதல் பக்கத்தில் நான் இன்று சொன்ன எண்களை அச்சடித்திருக்கிறோம். ஒரு மாதம் வெளியே சாப்பிட்டதை மட்டும் எழுதுங்கள், எதையும் மாற்ற வேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு உணவியல் நிபுணர் ஒருவர் வருகிறார். நோட்டைக் கொண்டுவந்தால் ஒவ்வொருவருக்கும் தனியாக உட்கார்ந்து பார்ப்பார். பெண்களுக்குத் தனி அறையும் தனி நேரமும் ஏற்பாடு செய்திருக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நம் மதரஸா மாணவர்கள் வீட்டுக்கு வந்து எழுதிக்கொடுப்பார்கள். அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

இஷாவுக்கு நேரம் ஆகிறது.